மெரோந்தியாருக்குத் தாடி உண்டா?

அம்புரோஸ் எழுபது வயது வரை இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், தபசு காலம் தொடங்கிய மூன்றாம் நாள், மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக் கை கழுவி, "செத்த நேரம் சாயுறேன்" என்று பாயில் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயமே பேசிக்கொண்டது. பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அவர் சொன்ன கதை, இல்லாவிட்டால் அவரைப் பற்றிய கதை. புண்ணியவான், ஒரு ஞாயிறு பூசை தவறினதில்லை, பெற்ற பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை என்று சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினார்கள்.

மகதலேனா சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள். புண்ணியவான்தான், அவள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புண்ணியவான் ஒரு பதினோரு வருஷம் பூசையில் கொடுக்கிற தேவ நன்மை அப்பம் வாங்காமல் இருந்ததும், அந்தப் பதினோரு வருஷமும் அவள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்ததும் அங்கே அழுதவர்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்ததோ! அவளுக்கு அன்றைக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அதுதான்.

அவர் கப்பலேறி வந்தது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறில். முதலில் கிள்ளானில் ரயில்வே வேலை. அங்கே ஏழு வருஷம் தனிக்கட்டை. மகதலேனாவைக் கட்டிக்கொண்ட கையோடு கோலாலம்பூருக்கு மாற்றலாகி, ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளான பிரிக்பீல்ட்ஸ் லயத்தில் ஒரு வீடு கிடைத்தது. சிக்னல் விளக்குகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் ஏறி, சிம்னியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றிவிட்டு இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் கை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடுவார். பிள்ளைகள் ஐந்து. மூத்தவள் சூசன். அவளுக்குத் தலை பின்னிவிடுவது அப்பா வேலை. அம்மா சீவினால் இழுக்கிறாளாம், வலிக்கிறதாம்! லயத்து ஆம்பிளைகள் கேலி பேசினார்கள். அவர் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னிக்கொண்டேயிருப்பார்.

பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை. மழை பெய்யட்டும், மாமன் வரட்டும், செபமாலை நிற்காது. அது முடிந்ததும் கதை. அர்ச்சியசிஷ்டர்கள் என்கிற புனிதர்களின் கதைகள், செபஸ்தியார் மேல் அம்பு விட்டது, சவேரியார் கடல் தாண்டி வந்தது. அடுத்த வீட்டு நல்லம்மாளுக்குச் செபமாலையில் ஒரு வரி தெரியாது. ஆனாலும் பிரார்த்தனை முடியும் நேரம் பார்த்து வெற்றிலையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். அம்புரோஸ் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆளா? அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கம் வைத்த கதையில், கிள்ளான் ஆற்றுக் கெளுத்தியெல்லாம் மீசையை முறுக்கிக்கொண்டு முன் வரிசையில் வந்து நிற்கும்.

"ஏங்க, அந்தோனியார் எப்பங்க கிள்ளானுக்கு வந்தாரு?" என்று மகதலேனா கேட்பாள்.

"கதையில வர்றதுக்கு டிக்கெட்டா கேக்கப் போறாங்க? நீ சும்மா இரு" என்பார். லயமே சிரிக்கும்.

அந்த வாய்தான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம் சூசனுக்கு ஏழு வயது. மலேரியாக் காய்ச்சல் லயத்தில் வீட்டுக்கு வீடு வந்தது. எதிர்வரிசையில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொய்னா கொடுத்து, வேளை தவறாமல் குடிக்கவேண்டும், தவறினால் எங்களைக் கேட்காதே என்று சொல்லிவிட்டார்கள். கொய்னாக் கசப்பு வாயில் பட்டவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளை பல்லைக் கிட்டித்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து ஊற்றினால் மகதலேனாவின் சேலையெல்லாம் துப்பியது. இரண்டு நாளாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மகதலேனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்புரோஸ் பாயோரம் உட்கார்ந்து, "மெரோந்தியார் கதை உனக்குச் சொன்னேனாம்மா?" என்றார்.

அப்படி ஒரு பேரை மகதலேனா கேட்டதே இல்லை. பிள்ளை கண்ணைத் திறந்தது.

"அர்ச்சியசிஷ்ட மெரோந்தியாரை ராசா ஜெயில்ல போட்டுட்டான். சோறு கெடையாது. தெனம் மூணு வேளை எட்டிக்காயும் வேப்பங்கொழுந்தும் அரைச்ச தண்ணி. குடிச்சா மூஞ்சிய சுளிப்பான், அழுவான், சாமிய விட்டுடுவான்னு ராசாவுக்கு நெனப்பு. மெரோந்தியார் என்ன செஞ்சாரு? ஒரே மொடக்கா குடிச்சிட்டு, கொவளைய நீட்டி, 'இன்னும் கொஞ்சம் ஊத்து'ன்னாரு!"

சூசன் சிரித்தாள். காய்ந்து வெடித்த உதட்டோடு சிரித்தாள். அம்புரோஸ் கோப்பையை நீட்டினார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்தபடி ஒரே மடக்காகக் குடித்தது. முகம் கோணிப் போயிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் கோப்பையைத் திருப்பி நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றது. மகதலேனா அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பத்து நாள் வேளை தவறாமல் மருந்து உள்ளே போயிற்று. பிள்ளை பிழைத்தது.

எழுந்து உட்கார்ந்த முதல் சாயங்காலம், பிரார்த்தனை முடிகிற இடத்தில் சூசன் தானாகவே, "அர்ச்சியசிஷ்ட மெரோந்தியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள். புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எமன் வாயிலிருந்து திரும்பி வந்த பிள்ளை. அதனிடம் போய், அப்படி ஒருத்தர் இல்லையடி என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? இரண்டு பேரும் "ஆமென்" என்றார்கள்.

நல்லம்மாள் சும்மா இருந்தாளா? "அண்ணே, அந்தக் காச்ச சாமி கதைய இன்னொருக்கா சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆறு மாதமாக முழங்கால் வீக்கம். மெரோந்தியாருக்கு நேர்ந்துகொண்டாள், வீக்கம் வற்றிவிட்டது. அவ்வளவுதான், லயம் முழுக்கப் பரவிவிட்டது. காய்ச்சலுக்கு மெரோந்தியார், கர்ப்பத்துக்கு மெரோந்தியார், கப்பலேறி வரவேண்டிய தம்பிக்கு மெரோந்தியார். வெள்ளிக்கிழமை தோறும் யாராவது வேப்பம்பூ போட்டுக் கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளுக்கு ஊற்றுவார்கள். குடித்துவிட்டு "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று சொல்லவேண்டும், அதுதான் நேர்ச்சை. அம்புரோஸ் அந்தக் கதையைச் சொல்வதையே நிறுத்திப் பார்த்தார். அவர் நிறுத்தினால் என்ன, மற்றவர்கள் சொன்னார்கள். அவர் வைக்காத கால், கை, மூக்கெல்லாம் வைத்து இன்னும் நன்றாகவே சொன்னார்கள்.

பதினான்காம் வருஷம் பெண்கள் சேர்ந்து ஒரு படம் எழுத ஏற்பாடு செய்தார்கள். கடைகளுக்குப் பலகை எழுதுகிற ஓர் ஆள் வந்து, தகரத்தையும் சாயத்தையும் பரப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். சுற்றி முப்பது பேர். அவன் தூரிகையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, "ஐயா, இந்தச் சாமிக்குத் தாடி உண்டா, இல்லியா?" என்று கேட்டான்.

எல்லாரும் அம்புரோஸைப் பார்த்தார்கள். பத்து வயது சூசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"உண்டு" என்றார் அம்புரோஸ்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதை மாட்டி, மாலை போட்டு, எல்லாரும் முழங்கால் போட்டபோது அவர் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்மைக்கு வரிசை எழுந்தபோது அவர் எழவில்லை. முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

"என்னங்க இது? ஆத்துமத்தைப் பாழாக்கிக்கிறீங்களா?" என்று மகதலேனா வீட்டில் கேட்டாள். "பாவசங்கீர்த்தனத்துல கோயில் சாமியார்கிட்டச் சொல்லிட்டு வந்துடுங்களேன்."

"சொன்னா சாமியார் என்ன சொல்வாரு தெரியுமா? 'போ, மொதல்ல அந்தப் புள்ளகிட்ட உண்மையச் சொல்லு. சொல்லிட்டு வா, மன்னிப்பு தர்றேன்'பாரு."

"அவரு சொன்னாரா?"

"சொல்லுவாரு."

"நீங்களே அவருக்கும் ஒரு கதை கட்டியாச்சாக்கும்!"

அவர் சிரிக்கவில்லை. "மகதலேனா, அவளுக்கு உசிரு குடுத்தது அந்தச் சாமின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அது அப்பன் விட்ட புளுகுன்னு எந்த வாயால சொல்லுவேன்? இன்னக்கி மெரோந்தியார் பொய்யின்னா, நாளைக்கி மாதாவும் பொய், சேசுவும் பொய்யின்னு அவ மனசு போயிடாதா? எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும். புள்ள விசுவாசத்துல நான் கை வைக்கமாட்டேன்."

இதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை. இருக்கிற பிடிவாதமெல்லாம் அந்த ஒரு விஷயத்தில் வந்து சேர்ந்துவிட்டது. பூசை தவறமாட்டார், செபமாலை தவறமாட்டார், நன்மை மட்டும் கிடையாது. ஒரு கத்தோலிக்கன் வருஷக்கணக்காக நன்மைக்கு எழுந்திருக்கவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? பெரும்பாவம் எதையோ செய்துவிட்டு விடமாட்டாமல் இருக்கிறான் என்றுதான் நினைக்கும். ஆம்பிளை செய்கிற பெரும்பாவம் என்ன என்று யோசிக்க ஊருக்கு ரொம்ப நேரம் ஆகுமா? ஏழு வருஷம் கிள்ளானில் தனியாக இருந்தவராச்சே, அங்கே ஒருத்தி இருப்பாள் என்று முடித்துவிட்டார்கள். மகதலேனாவின் காதிலும் அது விழுந்தது. உண்மையைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க அவளால் முடியவில்லை. ராத்திரியெல்லாம் அவள் பயந்தது ஊர்ப்பேச்சுக்கு அல்ல. இந்த மனுஷன் திடீரென்று செத்துப்போனால் இவர் ஆத்துமம் எங்கே போகும்? சூசன் வளர்ந்தாள், அவளை ஒரு வீட்டார் பெண் பார்த்துவிட்டுக் காரணம் சொல்லாமல் போனார்கள், பிறகு கிள்ளான் ரயில்வே சாமான் கொட்டகையில் வேலை பார்த்த கிரிகரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அப்பா ஏன் நன்மை வாங்குவதில்லை என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

சூசனுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தக்கவில்லை. மூன்றாவது, இருபத்தைந்தாம் வருஷம், ஆண்பிள்ளை தக்கியது. பிறந்த அன்றைக்கே பயத்தில் வீட்டிலேயே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியாயிற்று. நாற்பது நாள் கழிந்து கோயிலில் பேர் எழுதுவதுதான் பாக்கி. சூசனிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளைக்கு மெரோந்தி என்று பேர் வைக்கப்போவதாக எழுதியிருந்தாள். அர்ச்சியசிஷ்டர் பேராக இருந்தால்தான் சாமியார் எழுதுவார் என்பது தெரிந்ததுதானே. இந்த மெரோந்தியார் எந்த ஊர்க்காரர், திருநாள் என்றைக்கு, என் புத்தகத்தில் காணோமே என்று சாமியார் கேட்டாராம். "எங்கள் அப்பாவுக்குத் தெரியும், சனிக்கிழமை வந்து சொல்லுவார் என்று சொல்லியிருக்கிறேன்" என்று முடித்திருந்தாள்.

அம்புரோஸ் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு விளக்கேற்ற ஏறினவர் பாதிக் கம்பத்தில் அப்படியே நின்றுவிட்டாராம். கீழே இருந்தவர்கள் கூப்பிட்டுத்தான் இறங்கினார்.

சனிக்கிழமை காலை ரயிலில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழியில் பத்து தீகா என்ற ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அவர், "பேசாம இங்க எறங்கித் திரும்பிடுவோமா?" என்றார்.

"நீங்க எறங்குங்க. நான் போறேன். நானே சொல்லிடுறேன்" என்றாள் மகதலேனா. அவர் இறங்கவில்லை.

கிரிகரி வேலைக்குப் போயிருந்தான். சூசன் பிள்ளையைக் கொண்டுவந்து அப்பா மடியில் போட்டாள். அவர் பேரனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மகதலேனாவிடம் கொடுத்தார். "உக்காரும்மா, ஒன்னு சொல்லணும்" என்றார். முப்பது வருஷமாகக் கதை சொல்லிப் பிழைத்த வாய், அன்றைக்கு ஒரு ஜோடனை இல்லாமல், ஒரு கெளுத்தி மீன்கூட இல்லாமல் சொன்னது. அப்படி ஒரு அர்ச்சியசிஷ்டர் இல்லை. நீ மருந்து குடிக்கவேண்டுமே என்று நான்தான் உண்டாக்கினேன். பிறகு சொல்லப் பயந்தேன். பொய்க்கு எல்லாரையும் கும்பிட வைத்துவிட்டு நன்மை வாங்க எனக்கு யோக்கியதை இல்லை என்று நின்றுவிட்டேன். அவ்வளவுதான்.

சூசன் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அதுக்கா?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அதுக்காகவா நீங்க நன்மை வாங்கல? இதுக்கா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "எனக்குப் பத்து வயசு. பைப்படியில பேசிக்கிட்டாங்க. கிள்ளான்ல உங்கப்பனுக்கு ஒரு பொம்பள இருக்கா, அவளுக்குப் புள்ளைங்க இருக்குன்னாங்க. நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்? அம்மாகிட்டக் கேக்க முடியுமா? இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேனே, மூணு வருஷமா பாசாருக்குப் போனா ஒவ்வொரு மூஞ்சியா பாக்குறேன்ப்பா! எவளுக்காச்சும் உங்க சாயல் இருக்கான்னு பாக்குறேன். என் வயசுல ஒருத்தி வந்து நின்னா நெஞ்சு தூக்கிப்போடுது. நீங்க என்னமோ மெரோந்தியாரு, தாடின்னு சொல்றீங்க!"

பிள்ளையின் விசுவாசத்தில் கை வைக்கமாட்டேன் என்று பதினோரு வருஷம் அம்புரோஸ் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாரே! அவள் சாமியை விடவில்லை. அப்பனைத்தான் விட்டிருந்தாள். இது அவர் புத்திக்கு மட்டுமல்ல, மகதலேனாவின் புத்திக்கும் எட்டவேயில்லை. ஊர் பேசியது தன் காதில் விழுந்ததே, மகள் காதிலும் விழுந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றியிருக்கக் கூடாதா? மகதலேனா ஒரு கையால் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். சூசன் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா எத்தனை தடவை கூப்பிட்டும் திறக்கவில்லை.

சாயங்காலம் அவர் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மகதலேனா வெளியே நின்றாள். பதினோரு வருஷக் கணக்குக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று நினைத்தாள். மூன்று நிமிஷத்தில் திரும்பி வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு" என்றார் அம்புரோஸ். "சிரிச்சிட்டு மன்னிப்புக் குடுத்துட்டாரு. லயத்துலயும் சொல்லிடணும்னாரு. அம்புட்டுத்தான்."

மகதலேனாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று நிமிஷம்! இந்த மூன்று நிமிஷத்துக்காகப் பதினோரு வருஷம்! நடுரோட்டில் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

லயத்தில் அவர் உண்மையைச் சொன்னது அடுத்த வாரம். அது வேறு கூத்து. நல்லம்மாள் நம்பவே இல்லை. "அண்ணே, நீங்க பொய் சொல்லியிருக்கலாம். என் முட்டி பொய் சொல்லுமா?" என்று படத்தைக் கழற்றித் தன் வீட்டுக்கே கொண்டுபோய் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். கிள்ளானில் பேரனுக்கு அந்தோனி என்று பேர் எழுதினார்கள். அம்புரோஸ் அதற்குப் பிறகும் பதின்மூன்று வருஷம் கதை சொன்னார். ஆனால் புதிதாக ஒருவரையும் அர்ச்சியசிஷ்டர் ஆக்கவில்லை.

மகதலேனாவின் மனசில் நின்றது அதெல்லாம் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைதான். வீட்டில் சூசன் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை. கோயிலில் ஆம்பிளைகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சூசன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மணி அடித்தது, வரிசை எழுந்தது. அம்புரோஸும் எழுந்தார். பழக்கம் விட்டுப்போனதில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தடுமாறி, பிறகு கைகுவித்துக்கொண்டு நடந்தார். பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் போய் முழங்கால் போட்டார்.

சூசன் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அம்மா, ரெண்டு புள்ளையப் பறிகுடுத்தப்பக்கூட நான் மெரோந்தியார்கிட்ட வேற எதையும் கேக்கல. பத்து வயசுலேருந்து இது ஒன்னைத்தான் கேட்டேன். எங்கப்பா நன்மை வாங்கணும்னு."

மகதலேனா பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "போ, நீயும் போய் வாங்கிட்டு வா" என்றாள்.